புதுப்பித்த சைக்கிளில் பின் கியர் தகராறு: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் பழைய சைக்கிளை வாங்கிப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் இப்போது நிறைய. ஜப்பானிலிருந்து கன்டேனரில் வந்து இறங்கும் பழைய சைக்கிளாக இருக்கும், அல்லது லயத்து வீட்டுப் பின்புறத்தில் கிடந்த மகனின் மவுண்டன் சைக்கிளாக இருக்கும். பிரேமைப் பவுடர் கோட் அடித்து, புது டயர் மாட்டி, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஆக்கிவிடுகிறார்கள். செம்பனைத் தோட்டத்து மேடு வந்ததும் கியர் மாறாது.

இப்படி என்னிடம் வரும் சைக்கிள்களில் பெரும்பாலானவை திருகு திருகிக் கெடுக்கப்பட்டே வருகின்றன. பின் சக்கரத்தருகே தொங்கிச் செயினைத் தள்ளிவிடும் பாகத்தைக் கடைகளில் ஆர்டி என்போம். அதில் ‘எச்’, ‘எல்’ என்று இரண்டு சின்னத் திருகுகள் உண்டு. செயின் எந்த எல்லைவரை போகலாம் என்று தடுத்து நிறுத்துவது மட்டுமே அவற்றின் வேலை. அவை தானாக நகர்வது மிகவும் அரிது. நேற்றுவரை ஒழுங்காக மாறிய கியர் இன்று மாறவில்லை என்றால் காரணம் கேபிளிலோ, ஆர்டி தொங்கும் ஹேங்கர் என்ற சின்னத் துண்டிலோ, செயினிலோ இருக்கும். ஆகவே அந்த இரண்டு திருகுகளையும் கடைசிவரை தொடாதீர்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் பெரிய ஸ்டாண்ட் தேவையில்லை. கார் நிறுத்தும் இடத்துக் கூரை விட்டத்தில் கயிறு கட்டி, சீட்டின் மூக்கை மாட்டிப் பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் போதும். 5 மி.மீ. அலன் கீ, ஸ்க்ரூ டிரைவர், நல்ல கேபிள் வெட்டி, ஓரடி எஃகு அளவுகோல், பழைய துணி. இதற்குமேல் வாங்கவேண்டி வந்தால் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை

புதுப்பித்த சைக்கிளுக்கென்றே சில கோளாறுகள் உண்டு. கடையில் புதிதாக வாங்கிய சைக்கிளில் இவை வராது.

பவுடர் கோட் அடித்தவர் பின் சக்கர அச்சு உட்காரும் வெட்டை மறைத்து அடித்தாரா? பெரும்பாலும் மறைத்திருக்க மாட்டார். அந்த வெட்டுக்குள் பெயிண்ட் தடித்திருந்தால் சக்கரம் ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் தூக்கி நிற்கும். அச்சு தொடும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, சைக்கிளைத் தரையில் நிறுத்தி, எடை முழுவதும் சக்கரத்தில் விழும்படி வைத்து நட்டை இறுக்குங்கள்.

அடுத்தது ஆர்டி மாட்டும் ஓட்டையின் மரை. அதிலும் பெயிண்ட் புகுந்திருக்கும். அந்த மரையில் ஆர்டியை வற்புறுத்தித் திருகினால் சாய்ந்து உட்காரும், சில சமயம் மரையே சிதைந்துவிடும். அது 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் உள்ள மரை. மரை வெட்டும் டாப் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்தால் சில நிமிடத்தில் சுத்தம் செய்துவிடுவார்கள்.

பிறகு செயின் போன வழியைப் பாருங்கள். ஆர்டியின் கூட்டில் மேலும் கீழுமாக இரண்டு சின்னச் சக்கரங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு சிறு தகடு. செயின் அந்தத் தகட்டுக்கு உள்பக்கமாகப் போக வேண்டும். வெளிப்பக்கமாகப் போனால் கரகரவென்று உரசிக்கொண்டே ஓடும், கியரும் தயங்கும். ஆர்டியில் கேபிளைக் கடித்துப் பிடிக்கும் போல்ட்டையும் பாருங்கள். வாஷரில் கேபிளுக்கென்று ஒரு பள்ளம் இருக்கும். கேபிள் அந்தப் பள்ளத்தை விட்டு போல்ட்டின் மறுபக்கமாகப் போயிருந்தால் இழுவை அளவே மாறிவிடும். எவ்வளவு திருகினாலும் ஒரு கியரும் நேராக விழாது.

பெடல் அச்சுக்கு அடியில் கேபிள் வழுக்கிப் போக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். பெயிண்ட் அடிக்கக் கழற்றும்போது இது காணாமல் போவது வழக்கம். சில வெள்ளிதான் விலை.

செயின் ஸ்போக்குக்குள் விழுகிறது

இந்த அறிகுறி இருந்தால் சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஆர்டி ஸ்போக்கில் சிக்கினால் பின் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். ஆள் விழுவது ஒருபுறம், ஆர்டி, ஹேங்கர், ஸ்போக் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஆர்டியின் கூடு, பல்சக்கரங்களுக்கு இணையாகத் தொங்குகிறதா, அடிப்பகுதி ஸ்போக்கை நோக்கி உள்ளே சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. ‘எல்’ திருகை இறுக்கி அதை மறைக்கப் பார்க்காதீர்கள். கீழே ‘மேலே சரி செய்தால் கீழே கெடுகிறது’ என்ற பகுதியில் ஹேங்கர் பற்றிச் சொல்வதைப் பாருங்கள்.

கூடு நேராகத்தான் தொங்குகிறது, புதிதாக மாட்டிய ஆர்டி அல்லது வேறு சக்கரம் என்றால் ‘எல்’ திருகைத் தொடலாம். பெடலை மெதுவாகச் சுற்றியபடி செயினைப் பெரிய பல்லுக்கு, அதாவது பின்னால் உள்ள பல்சக்கரங்களில் பெரியதுக்கு, ஏற்றுங்கள். அங்கே நின்றதும் ஆர்டியைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். மேலும் நகர்ந்தால், நகராமல் நிற்கும்வரை ‘எல்’ திருகைக் கால் கால் சுற்றாக இறுக்குங்கள். செயின் மறுபக்கம், அதாவது சின்னப் பல்லுக்கும் பிரேமுக்கும் இடையில் விழுந்தால் இதே வேலையை ‘எச்’ திருகில் செய்ய வேண்டும்.

பெரிய பல்லுக்கு ஏறுகிறது, சின்னப் பல்லுக்கு இறங்க மாட்டேன் என்கிறது

எங்கள் ஊர் மழைக்கும் செம்மண்ணுக்கும் அதிகம் வரும் கோளாறு இதுதான். ஏறும்போது கேபிளை இழுப்பது உங்கள் விரல். இறங்கும்போது இழுப்பது ஆர்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங் மட்டும். கேபிள் உறைக்குள் கொஞ்சம் இறுக்கம் வந்தாலும் ஸ்பிரிங் தோற்றுவிடும்.

நான்காம் படிவம் படிக்கும் ஒரு பையன் இப்படித்தான் வந்தான். “அண்ணே, ஆர்டி போச்சு, புதுசு ஒண்ணு போட்டுடுங்க” என்று பணத்தோடு வந்து நின்றான். ஆர்டிக்கு ஒன்றுமில்லை. பின்னால் வளைந்து போகும் கடைசி உறைத் துண்டைக் கழற்றிச் சாய்த்ததும் காப்பி நிறத்தில் தண்ணீர் சொட்டியது. வெட்டிய முனையை வெளிச்சத்தில் பார்த்தால், உறைக்குள்ளிருந்த கம்பி ஒன்று உள்நோக்கி முள்ளாக மடிந்து நிற்கிறது. உள்கேபிளில் சரியாக அதே இடத்தில் பளபளவென்று ஒரு கோடு. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அந்த முள் கேபிளை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. புது உறை, புதுக் கேபிள் போட்டதும் வேலை முடிந்தது. ஆர்டிக்கு வைத்திருந்த பணத்தோடு அவன் வீடு திரும்பினான்.

நீங்களே சோதிப்பது எளிது. பின் சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றிச் செயினைப் பெரிய பல்லுக்கு ஏற்றுங்கள். பெடலை நிறுத்திவிட்டு, சக்கரம் சுற்றாமல், கியர் மாற்றும் நெம்பான ஷிப்டரை மட்டும் சின்னப் பல்லுக்குரிய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கேபிள் தொளதொளவென்று ஆகிவிடும். இப்போது பிரேமில் உள்ள பிளந்த தாங்கிகளிலிருந்து உறைத் துண்டுகளை வெளியே எடுக்கலாம். ஒவ்வொரு துண்டையும் கேபிளின்மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. எங்கே நறநறக்கிறதோ அதுதான் குற்றவாளி. முக்கால்வாசி நேரம் கடைசித் துண்டாகத்தான் இருக்கும்.

கைச்செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் போங்கள்.

முதலில் உறைக்குள் இருக்கும் சேற்றைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கிரீஸ் வேண்டாம், அது மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துருப்பிடித்த கேபிளுக்கு எண்ணெய் போடுவது வீண், ஒரு வாரம்கூடத் தாங்காது.

அடுத்து உறையும் கேபிளும் புதிது. இங்கே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். கியருக்குக் கியர் உறைதான். 4 மி.மீ. தடிமனில், உள்ளே கம்பிகள் நீளவாக்கில் போகும். பிரேக் உறை 5 மி.மீ., உள்ளே கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கையில் இருந்தது என்று பிரேக் உறையைக் கியருக்குப் போட்டால் அது அமுங்கி விரிந்து, கியர் ஒருநாளும் துல்லியமாக விழாது. கியர் உறையைப் பிரேக்குக்குப் போடுவதோ உயிருக்கு ஆபத்து. அழுத்திப் பிடிக்கும்போது அது பிளந்துவிடலாம். இறக்கத்தில் எதிரே பழ லோரி வரும் சாலையில் ஓட்டுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. உறையை வெட்டியபின் முனையைத் தட்டையாக அரத்தால் தேய்த்து, நசுங்கிய வாயை ஊசியால் திறந்துவிட்டு, மூடியைப் போட்டு மாட்டுங்கள். கடைசித் துண்டை ரொம்பக் குட்டையாக வெட்டாதீர்கள். அது கூர்மையாக மடியாமல் ஆர்டிக்குள் நேராக நுழைய வேண்டும்.

கேபிள் புதிது, அப்படியும் இறங்கவில்லை என்றால் கேபிளைக் கழற்றிவிட்டு ஆர்டியைக் கையால் உள்ளே தள்ளி விடுங்கள். டக்கென்று திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தால் மூட்டுகளில் காய்ந்த செம்மண் இருக்கிறது. மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கியும் கொண்டு கழுவி, காயவிட்டு, நான்கு மூட்டுகளிலும் எண்ணெய் விடுங்கள். அப்படியும் சோம்பினால், அல்லது கூட்டைப் பிடித்து ஆட்டும்போது லொடலொடவென்று ஆடினால் ஆர்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சின்னப் பல்லுக்கு இறங்குகிறது, பெரிய பல்லுக்கு ஏறத் தயங்குகிறது

கேபிள் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். புதிதாகப் போட்ட கேபிளும் உறையும் முதல் சில நாளில் உட்காருவதால் இப்படி ஆகும். கேபிள் ஆர்டிக்குள் நுழையும் இடத்தில் உள்ள உருளைத் திருகை, பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக அரைச்சுற்று திருப்பிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு அரைச்சுற்று. உருளை வெளியே கழன்று வருமளவுக்குத் திருப்பவேண்டி வந்தால், அதை முழுக்க உள்ளே திருப்பிவிட்டு, சின்னப் பல்லில் வைத்து, கேபிளை இழுத்துப் பிடித்து போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். ஷிமானோ நிறுவனத்தின் ‘ராபிட் ரைஸ்’ ரக ஆர்டியில் ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுக்கும். அதில் இந்த அறிகுறியும் மேலே சொன்னதும் இடம் மாறிவிடும்.

மேலே சரி செய்தால் கீழே கெடுகிறது, கீழே சரி செய்தால் மேலே கெடுகிறது

ஆளைப் பைத்தியமாக அடிக்கும் கோளாறு இது. உருளைத் திருகை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக மல்லுக்கட்டுவார்கள். கேபிளில் இறுக்கம் இல்லை என்று மேலே சொன்னபடி உறுதி செய்துவிட்டீர்கள் என்றால் மீதி இருப்பது இரண்டு காரணம்தான்.

ஒன்று, ஹேங்கர் வளைந்திருப்பது. ஆர்டி தொங்கும் அந்தச் சின்னத் துண்டு வளைவதற்குச் சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்தால் போதும். லோரியில் அடுக்கி வந்த பழைய சைக்கிள்களில் நேரான ஹேங்கரைப் பார்ப்பதே அபூர்வம். ஜப்பான் சைக்கிள் பலவற்றில் ஹேங்கர் பிரேமோடு சேர்ந்திருக்காது. தனித் தகடாக, சக்கர நட்டோடு சேர்த்து இறுக்கும்படி இருக்கும். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அந்தத் தகடு லேசாகத் திரும்பிவிடும். நட்டைத் தளர்த்தி, தகட்டை அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவைத்து இறுக்கினால் செலவே இல்லாமல் முடியும். அதனால் அதை முதலில் பாருங்கள்.

வளைவைக் கண்ணால் அளப்பதில் நம்பிக்கை வைக்காதீர்கள். இதற்கென்று ஓர் அளவுக் கருவி உண்டு, கடையில் இருக்கும். வீட்டில் செய்ய ஒரு வழி: குயிக் ரிலீஸ் வகைப் பின் சக்கரத்தின் அச்சும் அதே 10 மி.மீ., 1 மி.மீ. மரைதான். ஆர்டியைக் கழற்றிவிட்டு, அப்படிப்பட்ட இன்னொரு பின் சக்கரத்தின் ஊசிக்கம்பியை உருவிவிட்டு, அச்சு முனையைக் கையால் ஹேங்கர் ஓட்டைக்குள் திருகுங்கள். இப்போது இரண்டு சக்கரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மேலே, கீழே, முன்னே, பின்னே என்று இரண்டு ரிம்முக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்து பாருங்கள். 4 மி.மீ.க்குள் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். அதற்குமேல் என்றால் வளைவுதான். நட்டுப் போட்டு இறுக்கும் பழைய அச்சுகளில் மரை வேறாக இருக்கலாம், அதைத் திருகிப் பார்க்க வேண்டாம்.

நிமிர்த்துவது யார்? இரும்பு பிரேமோடு சேர்ந்த ஹேங்கரை, திருகிய அந்தச் சக்கரத்தையே நெம்புகோலாக்கி மெதுவாக நிமிர்த்தலாம். அலுமினிய ஹேங்கர் அப்படியில்லை. கொஞ்சம் வளைந்ததை ஒருமுறை நிமிர்த்தலாம், மறுமுறை முறியும். கழற்றி மாட்டும் வகை என்றால் புதிது வாங்குவதே மேல். பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய் அச்சு அசலாக ஒத்துப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் ஹேங்கரில் நூற்றுக்கணக்கான வடிவங்கள். நம் ஊரில் கிடைக்காவிட்டால் ஈப்போவில் பார்க்கலாம். அலுமினிய பிரேமோடு சேர்ந்த ஹேங்கர் என்றால் நீங்கள் கை வைக்காதீர்கள், நேரே கைதேர்ந்தவரிடம் போங்கள். அது முறிந்தால் பிரேமே போனது போல.

இரண்டாவது காரணம், பொருந்தாத பாகங்கள். கைக்குக் கிடைத்ததைப் போட்டுப் புதுப்பிக்கும்போது இது சகஜம். ஷிப்டர் எத்தனை கிளிக், பின்னால் எத்தனை பல்சக்கரம் என்று எண்ணுங்கள். பின்னால் உள்ள பல்சக்கரத் தொகுதிதான் கேசட். ஷிமானோவில் 7 பல் கேசட்டில் பல்லுக்குப் பல் இடைவெளி 5 மி.மீ., 8இல் 4.8 மி.மீ., 9இல் 4.35 மி.மீ. எட்டு கிளிக் ஷிப்டரை ஏழு பல் கேசட்டுக்குப் போட்டால் ஒவ்வொரு கிளிக்குக்கும் 0.2 மி.மீ. பின்தங்கி, ஒரு முனையில் சரியாக வைத்தால் மறுமுனை போவதற்குள் 1.2 மி.மீ. விலகிவிடும். எந்தத் திருகும் இதைச் சரிசெய்யாது. ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ் வரிசை ஷிப்டர்களும் ஷிமானோ ஆர்டியும் சேராது, கேபிள் இழுவை அளவே வேறு. ஷிப்டரை மாற்றுவதுதான் மலிவான வழி. பழைய ஆர்டியும் கேசட்டும் நன்றாக இருந்தால் அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அழுத்தி மிதித்தால் துள்ளுகிறது

எல்லாப் பல்லிலும், செயின் ஒரு முழுச் சுற்று வருவதற்கு ஒருமுறை துள்ளினால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால் ஆர்டிச் சக்கரத்தைத் தாண்டும்போது அந்தக் கண்ணி நிமிராமல் குதிக்கும். அநேகமாகச் செயினை இணைத்த இடமாக இருக்கும். இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக மடக்கி விட்டால் தளர்ந்துவிடும்.

சில பற்களில் மட்டும், அதுவும் நீங்கள் அதிகம் ஓட்டும் பல்லில் துள்ளினால் தேய்மானம். அளவுகோலை வைத்து அளங்கள். கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் தொடங்கினால் புதுச் செயினில் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வந்து விழும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் தாண்டியிருந்தால் கேசட்டும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயினை மட்டும் போட்டால் முன்பைவிட மோசமாகத் துள்ளும். புதுச் செயின் போட்டதிலிருந்துதான் துள்ளுகிறது என்று வருகிறவர்களுக்கு இதுதான் பதில். செம்மண் கலந்த எண்ணெய் உப்புத்தாள் போல வேலை செய்யும், அதனால் தோட்டத்துக்குள் ஓட்டுகிறவர்கள் மழைக்காலத்தில் செயினை அடிக்கடி துடைத்துவிட்டுப் பிறகு எண்ணெய் போடுங்கள். துடைக்காமல் மேலே எண்ணெய் ஊற்றுவது தேய்மானத்துக்குத்தான் உதவும்.

ஷிப்டர் வெறுமனே போய்வருகிறது, கிளிக் பிடிக்கவில்லை

பல வருடம் சும்மா கிடந்த சைக்கிளில் ஷிப்டருக்குள் இருந்த கிரீஸ் பசையாக இறுகிப்போயிருக்கும். ஷிப்டர் போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் எதையும் பிரிக்காமல், துருநீக்கி ஸ்பிரேயைத் தாராளமாக அடித்து நெம்பை விடாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். பழுப்பாக வடியும். தெளிவாக வடியும்வரை அடித்து, காய்ந்தபின் மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஸ்பிரே மட்டும் அடித்துவிட்டால் சீக்கிரமே மறுபடி வறண்டுவிடும். கழுவியபின்னும் பல் பிடிக்கவில்லை என்றால் புது ஷிப்டர்தான். உள்ளே பிரித்துப் பார்த்தால் மீண்டும் சேர்ப்பது கடினம், நேரமும் வீண்.

கியர் விழுந்து தானாக மாறிக்கொள்கிறது, பல்சக்கரம் ஆடுகிறது

சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். சக்கரத்தில் திருகி மாட்டும் பழைய வகைப் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீல் கொஞ்சம் தள்ளாடுவது இயல்பு, அதனால் கியர் கெடாது. கேசட்டைக் கையால் பிடித்து ஆட்டும்போது பற்கள் கலகலவென்று அசைந்தால் பூட்டு வளையம் தளர்ந்திருக்கிறது, அல்லது கேசட் ஏறி உட்காரும் ஃப்ரீஹப் எட்டுப் பல்லுக்குரியதாக இருக்க, அதில் ஏழு பல் கேசட்டைப் போட்டு 4.5 மி.மீ. வாஷரை மறந்திருக்கிறார்கள். பூட்டு வளையத்தை இறுக்கத் தனிக் கருவி வேண்டும், 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கேட்கும். கேசட் இறுக்கமாக இருந்து சக்கரமே பக்கவாட்டில் ஆடினால் ஹப்பின் கோன் தளர்ந்திருக்கும் அல்லது அச்சு வளைந்திருக்கும். வளைந்த அச்சு, ஹப்புக்குள் தேய்ந்த பால்ரஸ், முறிந்த ஃப்ரீஹப் இவையெல்லாம் கடை வேலை.

கடைக்குப் போகும்போது என்னென்ன சோதித்தீர்கள், எதை மாற்றினீர்கள், ‘எச்’, ‘எல்’ திருகுகளைத் தொட்டீர்களா என்பதை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு உடன் கொண்டுபோங்கள், குறிப்பாகப் பழைய ஹேங்கரையும் ஷிப்டரையும்.